தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் விழுந்த நிழல்

வெயிலுகந்தபுரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் தெருவில், மேலே மரமே இல்லாத இடத்தில் கீழே ஒரு மரத்து நிழல் வந்து விழுந்தபோது, அதை முதலில் கண்டுகொண்டது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கிடேரிதான். அது நடுத்தெருவில் நின்று மூக்கைத் தாழ்த்தி மோந்து பார்த்தது, முன்னங்காலை மடக்கியது, பின்னங்காலை மடக்கியது, ஒரு பெருமூச்சை விட்டுவிட்டு அசைபோடத் தொடங்கியது. அதற்கடுத்துக் கோலமாவு விற்கிறவள் கூடையை இறக்கி வைத்தாள். அதற்கடுத்து டெய்லர் பரமானந்தம் தன் கடையின் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தவன், கழுத்தில் இஞ்ச் டேப்போடு வெளியே வந்து, நிழலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அங்கே கரண்டுக் கம்பியும் வெயிலும் தவிர ஒன்றும் இல்லை என்று கண்டான், மறுபடியும் நிழலைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தையல் மிஷினை இழுத்துவந்து நிழலில் போட்டு, பாதியில் விட்ட ஜாக்கெட்டுக்குக் கை தைக்க உட்கார்ந்துவிட்டான்.

நல்ல நிழல். அடர்த்தியான நிழல். கிளை பிரிவதும் இலை அசைவதும் தரையில் அப்படியே தெரிந்தது, காற்று அடிக்காதபோதும் அசைந்தது, சில நேரம் ஒரு பறவையின் நிழல் வந்து கிளை நிழலில் உட்கார்ந்து இறகைக் கோதிவிட்டுப் போனது. என்ன மரம் என்பதில்தான் தெருவுக்குள் சண்டை வந்தது. வேம்பு என்றார்கள் சிலர், இலை அகலமாக இருக்கிறதே, புங்கை என்றார்கள் சிலர், அத்தி என்று சாதித்தான் பரமானந்தம். மரம் இல்லாமல் நிழல் எப்படி வரும் என்று மட்டும் யாரும் சண்டை போடவில்லை. மரம் இருந்தும் நிழல் தராத மரங்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அப்புறம் இதில் என்ன இருக்கிறது?

நிழல் விழுந்தது லைன்மேன் அய்யாத்துரை வீட்டு வாசலில். அங்கே விழுந்ததிலும் தெருவுக்கு ஆச்சரியம் இல்லை. அந்த வீட்டுக்காரர்களின் பழக்கத்தை எல்லோரும் அறிவார்கள்.

அந்தப் பழக்கம் வந்த கதை இது. அய்யாத்துரைக்கும் அவர் மனைவி சண்முகக்கனிக்கும் இரண்டு பெண்கள், மூத்தவள் பேச்சி, இளையவள் உலகம்மை. உலகம்மைக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, கத்திரி வெயிலில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுத் தவறி, அழுதுகொண்டே நடந்து, எங்கோ ஒரு ரோட்டு ஓரத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். யாரோ அவளைத் தூக்கி, வாயில் தண்ணீர் விட்டு, ஈரத்துணியால் உடம்பைச் சுற்றி, ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பேரும் சொல்லாமல் போய்விட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூட நர்சுக்கு நினைவில்லை, கூட்டம் அப்படி. அய்யாத்துரை பஸ் ஸ்டாண்டு முழுக்க விசாரித்தார், சண்முகக்கனி பூக்காரிகளிடமெல்லாம் கேட்டாள், யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்து ஓடியாடத் தொடங்கிய பிறகும் சண்முகக்கனிக்குச் சோறு இறங்கவில்லை.

“என்னளா, இன்னும் என்ன?” என்று கேட்டார் அய்யாத்துரை.

“நல்லாரு தாயின்னோ, நல்லாரு அய்யான்னோ ஒரு வார்த்தை சொல்லணும்லா? சொல்ல ஆள் இல்லாம அது தொண்டையிலே நிக்கி. மீன்முள்ளு மாதிரி நிக்கி.”

“அதுக்கு என்ன செய்ய முடியும்?”

அவள் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள். ஒரு பிள்ளைக்கென்று எடுத்துவைத்த முட்டையை அந்தப் பிள்ளை வராவிட்டால் வந்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது அவளுடைய வழக்கம். “வந்தவங்களுக்குக் குடுத்துர வேண்டியதுதான்,” என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. ராத்திரிச் சோற்றில் முதல் கவளம் எடுக்கும் முன், அன்றைக்குத் தனக்கு நல்லது செய்த ஒருவரின் பேரை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். மறுநாள் விடிந்ததும் அதற்கு ஈடாக ஒரு நல்லதை, அவருக்கோ வேறு யாருக்கோ, செய்துவிட வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருந்தது, செய்வதற்குக் கூச்சமாக இருந்தது. நன்றி என்ற சொல்லே அந்த வீட்டில் கிடையாது. அது மேடையில் பேசுகிறவர்களின் சொல். அய்யாத்துரை முதல் வாரம் முழுக்க ஏணி பிடித்துக்கொண்ட ஹெல்பரின் பேரையே சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சிக்கு அப்போது பதினாலு வயது, எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும் வயது. “இன்னைக்குக் கரண்டு போகாததுக்கு எங்க அப்பாவுக்கு” என்று சொல்லிவிட்டுத் தட்டில் குனிந்து சிரித்தாள். ஆனாலும் சொல்லச் சொல்ல நாக்கு பழகியது, நாக்கு பழகப் பழகக் கண் பழகியது, பகலெல்லாம் ராத்திரிக்குச் சொல்ல ஒரு பேரைத் தேடிக்கொண்டே நடந்ததில், இவ்வளவு பேர் நமக்கு நல்லது செய்கிறார்களா என்று அவர்களுக்கே திகைப்பாகிவிட்டது: சில்லறை இல்லாதபோது பரவாயில்லை என்ற கண்டக்டர், நனையாமல் கோலப்பொடியை எடுத்து உள்ளே வைத்த பக்கத்து வீட்டுக்காரி, கணக்குப் பரீட்சையன்று பேனா மை தீர்ந்துபோன பேச்சிக்குத் தன் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பென்சிலால் எழுதிய தோழி.

ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதுதான் கடைசியில் வந்தது, அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் அய்யாத்துரை ரொம்ப நேரம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எஞ் சட்டையில இருக்க கிரீஸ் கறையை எல்லாம் இத்தனை வருசமா இவதான் கையால தேச்சு எடுக்கா,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சண்முகக்கனி ரசம் எடுத்துவருகிறேன் என்று அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. மறுநாள் அவர் தன் காக்கிச் சட்டையைத் தானே துவைத்தார். கறை போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

இப்படி மூன்று கோடை கழிந்த பிறகு வந்து விழுந்தது அந்த நிழல்.

வந்த நிழலுக்குத் தெரு தன்னைத் திருத்தி வைத்துக்கொண்டது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள் மத்தியானத் தூக்குச்சட்டியை அங்கே கொண்டுவந்து திறந்தார்கள். ஆட்டோக்காரர்கள் கிடேரிக்கு இடம் விட்டு வரிசை கட்டினார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் வெயில் தாங்காமல் நிழலில் ஒதுங்கி, தாங்கள் பார்க்க வந்த பெண்ணைவிட அங்கே தூக்குச்சட்டி கழுவிக்கொண்டிருந்த பெண்ணைப் பிடித்துப்போய் அவளையே பேசி முடித்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று யாரோ எழுதிப்போட, அளக்க ஒரு அதிகாரி வந்தார். டேப்பை விரித்தால் நிழல் அந்தப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது, அந்தப் பக்கம் விரித்தால் இந்தப் பக்கம் நகர்ந்தது. அவர் டேப்பைச் சுருட்டிவிட்டு, சண்முகக்கனி கொடுத்த மோரைக் குடித்து, “இது ஆக்கிரமிப்புல வராது” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மன் கோயில் கமிட்டியார் வந்து, நிழல் நடுவில் ஒரு சூலத்தை ஊன்றி உண்டியல் வைக்கலாமே என்றார்கள்.

“நிழலுக்கு எதுக்கு அண்ணாச்சி உண்டியல்?” என்றாள் சண்முகக்கனி. “அது வாங்கவா வந்திருக்கு?”

மற்றத் தெருக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நமக்கும் ஒரு நிழல் வராதா என்று வடக்குத் தெரு முழுக்க ஒருவரையொருவர் வருந்தி வருந்தி உபசரித்தார்கள், ஒருவர் பையை ஒருவர் பிடுங்கிச் சுமந்தார்கள், ரோட்டைக் கடக்க விரும்பாத கிழவர்களைக்கூடக் கைப்பிடித்துக் கடத்திவிட்டார்கள். நிழல் வரவில்லை. ஆனால் பழகிய கை பழகியதுதான். வெகுநாள் கழித்து, எதற்காகத் தொடங்கினோம் என்பதையே மறந்துபோய், வடக்குத் தெருக்காரர்கள் பை சுமந்துகொண்டிருந்தார்கள்.

நிழல் போகாத வாசல் ஒன்று உண்டு. அய்யாத்துரை வீட்டுக்கு நேர் எதிரே திரவியத்தின் வீடு. தெருவின் பாதிக்கும் மேல் படர்ந்த நிழல் அந்த வீட்டுச் சாக்கடை ஓரம் வரை வந்து, கத்தியால் வெட்டினதுபோல நின்றுவிடும். திரவியம் மாவு மில் வைத்திருந்தவர். ஒரு காலத்தில் கம்பத்திலிருந்து கொக்கி போட்டுக் கரண்டு எடுத்து மில்லை ஓட்டினார். அய்யாத்துரை அதைக் கண்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்து, மூன்றாவது முறை கம்பத்தில் ஏறி அறுத்துவிட்டார். தெருவே பார்த்தது. அந்த அவமானத்தில் திரவியம் யார் யாரையோ பிடித்து, அய்யாத்துரையைக் கடற்கரைப் பக்கம் தூரமாக மாற்றல் போட வைத்தார். அந்த வருசந்தான், பேச்சிக்கும் உலகம்மைக்கும் நடுவில், சண்முகக்கனிக்கு ஒரு ஆண்குழந்தை பிறந்தது. ஒரு வாரங்கூட இருக்கவில்லை. தகவல் கிடைத்து, பஸ் பிடித்து, பஸ் மாறி, அய்யாத்துரை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அதற்குப் பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. திரவியத்தின் மில் நொடித்தது, பிள்ளைகள் தூரதேசம் போனார்கள், அவர் மனைவி ஆவுடையம்மாள் இடுப்பெலும்பு உடைந்து கட்டிலோடு கட்டிலாகிவிட்டாள். அவளைத் தெரு பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. அய்யாத்துரை வீட்டு ராத்திரிச் சோற்றில் ஊரில் உள்ள பேரெல்லாம் வந்தது. எதிர்வீட்டுப் பேர் மட்டும் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை. அது வராது, அவ்வளவுதான்.

நிழல் வந்த வருசத்தின் கத்திரியில், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மின்விசிறிகள் நின்றன. தகரத்துக்குக் கீழும் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழும் இருந்தவர்கள் எல்லோரும் நிழலுக்கு ஓடிவந்தார்கள். வராதது எதிர்வீடு மட்டும். அந்த வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“ஏ வெயிலே! ஒனக்கு வேற சோலி இல்லையா? ஒரு கெழவியைத்தான் வேகவைக்கணுமா? போய் நெல்லு காயுற எடத்துல அடி, போ!”

உலகம்மைக்குச் சிரிப்பு பொறுக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள்.

“யாருளா அது, சிரிக்கது?”

“நாந்தான். உலகு.”

“லைன்மேன் மகளா? உள்ள வராத, ஒங்கப்பன் வைவான். அங்கேயே நில்லு. நான் வெயிலை வையிதேன், நீ கேளு. கேக்க ஆள் இல்லாம வஞ்சா வாய்தான் வலிக்கு.”

அன்று ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தட்டுகள் வைத்தாயிற்று. உலகம்மைதான் முதலில் சொன்னாள். “எதுத்த வீட்டு ஆவுடைப் பெரியம்மை. என்னையச் சிரிக்க வச்சாங்க.”

அய்யாத்துரை கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். எழுந்தார், கை கழுவினார், வெளியே போய்விட்டார். பேச்சி தங்கையை முறைத்தாள். “எந்தப் பேரைச் சொல்லணும்னு ஒனக்குத் தெரியாதா?” உலகம்மைக்குத் தெரியாது; அந்தக் குழந்தையைப் பற்றி அவளிடம் யாரும் சொன்னதில்லை. சண்முகக்கனி இளைய மகளின் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் நிழல் நைந்திருந்தது. பழைய வேட்டியில் இழை பிரிகிற மாதிரி அங்கங்கே வெயில் ஊசி ஊசியாக இறங்கியது. கிடேரி எழுந்து இடம் மாறிப் படுத்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சண்முகக்கனி வாசலையே பார்த்தார்கள்.

அவள் நிழலைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அங்கே வசவுச் சத்தமே இல்லை. உச்சி வெயில் ஏறியும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, பத்து வருசத்துக்கும் மேலாகத் தாண்டாத வாசலில் போய் நின்றாள்.

“அண்ணாச்சி.”

திரவியம் கதவைத் திறந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, கையில் ஈரத்துண்டு.

“என்ன?”

“மதினி சத்தத்தைக் காணுமே.”

“மூச்சு இருக்கு. ஈரத்துணி போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ போ.”

“உள்ள கொதிக்கு அண்ணாச்சி. கட்டிலோட தூக்கி எங்க வாசல்ல போட்டுருவோம். நிழல் கெடக்கு.”

“என் பொண்டாட்டியை நடுத்தெருவுல போட்டு ஊருக்கு வேடிக்கை காட்டவா? அதுவும் ஒங்க நிழல்லயா? பத்து வருசம் வஞ்சது பத்தாதா?”

“நாங்க வையலையே அண்ணாச்சி,” என்றாள் சண்முகக்கனி. “ஒங்க பேரையே எடுக்கலையே.”

உள்ளேயிருந்து ஒரு குரல், பானையின் அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. “ஏங்க… கருவாடாக் காஞ்சு கெடக்கேன்… ரோசம் பாக்காதீங்க.”

சண்முகக்கனி திரும்பி, டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் நின்றுகொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள். அய்யாத்துரை கையெல்லாம் கரியோடு நடந்துவந்தார், எதிர்வீட்டு வாசலில் நின்றார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை.

“ஒரு பக்கம் நீங்க பிடிங்க,” என்றாள். “அவரு ஒத்தைக்குத் தூக்க முடியாது.”

அய்யாத்துரை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கட்டிலில் கிடந்த உருவத்தைப் பார்த்தார். வாட்டசாட்டமாகத் தெருவை அதட்டிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் ஒரு மடித்த சேலை அளவுக்கு ஆகியிருந்தாள். தலைமாட்டை அவர் பிடித்தார், கால்மாட்டைத் திரவியம் பிடித்தார். கதவு நிலையில் கட்டில் அகலம் கொள்ளவில்லை. ஒருபக்கம் சாய்த்து, கயிற்றால் அவளைச் சேர்த்துக் கட்டி, அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தார்கள். வாசலில் இறங்கிய பிறகுதான் இருவருமே வெறுங்காலோடு இருப்பது தெரிந்தது. தார் ரோடு தோசைக்கல்லாய்க் கிடந்தது.

நடுரோட்டில் திரவியம் நின்றுவிட்டார். கட்டிலும் நின்றது. கிழவருக்குக் கனம் தாங்கவில்லை என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

“அந்தப் பிள்ளை…” என்றார் திரவியம். “நீரு வந்து சேர முடியலைன்னு எனக்குத் தெரியும்வே. அன்னைக்கு எங்க வாசல்ல நின்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். குழிக்குக் கொண்டு போகையில நான்…”

இத்தனை வருசமும் இந்த மனிதன் வாயிலிருந்து வரவேண்டும் என்று அய்யாத்துரை காத்திருந்தது இதுதானா, இதைவிடப் பெரிதாக ஏதுமா, அவருக்கே தெரியவில்லை. கீழே பார்த்தார். ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் காதைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

“தூக்கும் அண்ணாச்சி,” என்றார். “காலு சுடுது.”

தூக்கினார்கள்.

கட்டில் நிழலில் இறங்கியதும், நிழல் நைந்ததெல்லாம் ஒன்றுகூடி ஆவுடையம்மாள்மேல் கனமாக விழுந்தது. பேச்சி ஓடிவந்து நாடி பார்த்தாள், நர்சிங் படிக்கப் போகிறவள் அல்லவா. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். வெகுநேரம் கழித்துக் கிழவி கண்ணைத் திறந்தாள். இலை நிழல் அவள் முகத்தில் ஆடியது. சுற்றி நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் டெய்லரிடம் நின்றாள்.

“பரமானந்தம்தானலே நீ? முடியெல்லாம் எங்கலே போச்சு?”

தெரு வெடித்துச் சிரித்தது. திரவியம் மட்டும் சாக்கடை ஓரத்தில் குத்தவைத்து முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கட்டில் தெருவைக் கடந்து வந்தது. ஆவுடையம்மாள் தலையணையில் சாய்ந்துகொண்டு வெயிலை வைதாள், மழையை வைதாள், கல்யாணம் பேசினாள், தூக்குச்சட்டிகளில் எந்தக் குழம்பில் புளி கூடியிருக்கிறது என்று மோப்பத்திலேயே சொன்னாள். அந்த நாட்களில் ஒரு ராத்திரி, சண்முகக்கனி இளைய மகளை மடியில் போட்டுக்கொண்டு, அவளுக்கு ஒரு அண்ணன் இருந்த கதையைச் சொன்னாள். உலகம்மை கேட்டுவிட்டு, “அவன் பேரு என்ன?” என்றாள். பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டான் என்று அய்யாத்துரை சொன்னார். அதைச் சொல்லும்போது முதல் தடவையாக அவர் குரல் உடையவில்லை.

பிறகு ஒரு காலையில் நிழல் இடம் மாறியது. கிடேரி திரவியம் வீட்டு வாசலில் படுத்திருந்தது. நிழல் முழுக்க, ஒரு இலை விடாமல், எதிர்ப்பக்கம் போய் விழுந்துகிடந்தது. அய்யாத்துரை வீட்டு வாசலில் பளீரென்று வெயில்.

தெருவுக்கு இதுதான் செரிக்கவில்லை. மரமில்லாமல் நிழல் வந்ததை ஒத்துக்கொண்டவர்கள், அது திரவியம் வாசலுக்குப் போனதை ஒத்துக்கொள்ளவில்லை. “கொக்கி போட்டுக் கரண்டு எடுத்த மாதிரி நிழலையும் எடுத்துட்டானா?” என்று ஆட்டோக்காரர்கள் கேட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வெயிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திரவியம் தன் வாசலில், தன் நிழலில், திருடிய பொருளோடு பிடிபட்டவர் மாதிரி ஒண்டியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க என்று ஆயுசில் யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

அய்யாத்துரை வீட்டிலும் கதவு சாத்தியே இருந்தது. பேச்சி அழுதாள். “நாமதானம்மா எல்லாம் செஞ்சோம்? தூக்கிட்டு வந்தது நாம, பாத்துக்கிட்டது நாம. நிழல் மட்டும் அவுகளுக்கா?” அய்யாத்துரை மனதிலும் அதே கேள்விதான் கிடந்தது. நிழல் இருந்தவரை அது தன்னுடையது என்று அவர் நினைத்ததே இல்லை. போன பிறகுதான் அப்படி நினைத்திருந்தது தெரிந்தது.

சண்முகக்கனி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். “குடுக்கதுக்கு நல்லாப் படிச்சுட்டோம். வாங்குததுக்கு இன்னும் படிக்கலை போல.”

“என்ன படிக்கணும் அதுல?” என்றாள் பேச்சி.

“அங்க போய் உக்காரணும்.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நம்ம போய் உக்காராட்டா இந்தத் தெருவுல ஒருத்தரும் அங்க உக்கார மாட்டாங்க,” என்றாள். “மதினி கெடந்து யார்ட்டப் பேசுவாங்க?”

அய்யாத்துரை எழுந்தார். சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். கம்பத்தின் உச்சியில் நின்று உயிர்க்கம்பியைத் தொடப் போகும்போதுகூட அவர் கால் இப்படிக் கூசியதில்லை. கதவைத் திறந்து தெருவில் இறங்கினார். பின்னால் சண்முகக்கனி, அவள் பின்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேச்சி, எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் ஆவுடையம்மாள் கட்டிலில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்ட உலகம்மை. தெரு பார்த்தது. நிழலின் ஓரம் வந்ததும் அய்யாத்துரை நின்றார். ஒரு கால் வெயிலில், ஒரு கால் நிழலில்.

“கொஞ்சம் ஒதுங்கிக்கிடலாமா அண்ணாச்சி?”

திரவியம் பதறி எழுந்தார். வீட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“வந்தவங்களை நிக்க வச்சுப் பாப்பீங்களா?” என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த வாசற்படியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“இங்க… சூடு இல்ல. இப்பிடி உக்காரும்.”

அய்யாத்துரை உட்கார்ந்தார். கல் குளிர்ந்திருந்தது. சொல்லிப் பழகின வாய்தான் அது, ஊரில் உள்ள எல்லோருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைதான். ஆனாலும் அதை இந்த மனிதனிடம் எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. “நல்லாருக்கணும் அண்ணாச்சி,” என்றார். திரவியம் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதைப் பார்த்துவிட்டு டெய்லர் மிஷினை இழுத்தான். ஆட்டோக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தூக்குச்சட்டிகள் தெருவைக் கடந்தன. ஆவுடையம்மாள் பேச்சியைக் கட்டிலோரம் அழைத்து, தன் நாடியைப் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினாள். பேச்சி முகத்தை இறக்கிவைத்துவிட்டு விரல் வைத்தாள்.

டிரான்ஸ்ஃபார்மர் வேலையில் பல நாளாகச் சரியான தூக்கம் இல்லாத மனிதர் அய்யாத்துரை. எல்லோரும் வந்து உட்கார்ந்து, பேச்சு கலந்து, சத்தம் ஒரு தாலாட்டு மாதிரி ஆனபோது, அவர் தலை மெல்லச் சாய்ந்து நிலையில் பட்டது, வாய் லேசாகத் திறந்தது, குறட்டை வந்தது. திரவியம் அவரை எழுப்பிவிடாமல் நகர்ந்து உட்கார்ந்து, அந்தத் துண்டை நாலாக மடித்து, தூங்குகிறவர் முகத்தில் ஈ உட்காராதபடி, வெயில் இறங்கும்வரை விசிறிக்கொண்டே இருந்தார்.